கொட்டாவி விட்டால் அப்பாவின் வராத கை தானாக எழும்புகிறது. அப்படியென்றால் கைக்கு உயிர் இருக்கிறதா?

தையல்கடை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, 7 மாதத்துக்கு முன்னால் வலது பக்கம் வாதம் வந்தது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். முதல் மாதம் பேச்சு குழறியது, இப்போது பரவாயில்லை. இரண்டாவது மாதமே வாக்கர் பிடித்து நடந்தார், இப்போது கைத்தடியோடு தெருமுனை டீக்கடை வரை போய் வருகிறார். கைதான் வரவில்லை. 40 வருடம் கத்தரி பிடித்த கை. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நான்கு விரலும் மூடிக்கொண்டிருக்கிறது, நகம் வெட்டுவதற்கே அரை மணி நேரம் ஆகிறது.

போன வாரம் மதியம் சாப்பிட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்திருந்தார். பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. அந்தக் கை மடியிலிருந்து மெதுவாகக் கிளம்பி மார்பு உயரம் வரை வந்தது, கொட்டாவி முடிந்ததும் இறங்கிவிட்டது. அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், நானும் பார்க்கிறேன். "தூக்குப்பா" என்றால் தோளைக் குலுக்கி ஒரு இன்ச் தூக்குகிற கை அது. அப்புறம் மூன்று நாளில் ஐந்தாறு தடவை பார்த்துவிட்டேன். அம்மா குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்துவிட்டார்.

காட்டின டாக்டர் ஒருவர், "6 மாசத்துல வந்ததுதான் வரும், இனிமே எண்ணெய் தேய்ச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். வராது என்றால் கொட்டாவிக்கு மட்டும் எப்படி எழும்புகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைபழகு:

தங்கச்சி, நான் பிசியோ. 14 வருடமாக நரம்பு நோயாளிகளோடுதான் வேலை. நீங்கள் பார்த்தது நிஜம். நிறைய வீடுகளில் பார்த்திருப்பார்கள், யாரும் நம்பமாட்டார்கள் என்று வெளியே சொல்வதில்லை. 2005இல் பிரான்ஸைச் சேர்ந்த வாலுசின்ஸ்கி என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதி, இதற்கு நீளமாக ஒரு லத்தீன் பெயரும் வைத்தார்கள்.

கையை நாமாக அசைக்கும்போது கட்டளை மூளையின் மேற்பரப்பில் இருந்து கிளம்புகிறது. அந்த நரம்பிழைகள் எல்லாம் மூளைக்குள் ஒரு குறுகலான சந்து வழியாக நெருக்கியடித்துக்கொண்டு இறங்கி, முகுளத்தில் பெரும்பாலானவை எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடத்தில் கைக்கென்று இருக்கும் நரம்பணுக்களைப் போய்த் தொடும். இடது மூளையில் அடைத்தால் வலது கை விழுவது இதனால்தான். அந்தச் சந்தில் சின்ன அடைப்பு வந்தாலும் ஒரு பக்கமே போய்விடும்.

கொட்டாவிக்கு இந்த வழி தேவையில்லை. மூச்சு, விழுங்குவது மாதிரி அதுவும் மூளைத்தண்டில் இருந்து வருகிற மிகப் பழைய வேலை. தண்டுவடத்துக்கு இறங்க அதற்கென்று தனிப் பாதை இருக்கிறது. மேலிருந்து வரும் அடக்கம் போய்விட்டதால், கொட்டாவியோடு கைக்கான நரம்பணுக்களும் சேர்ந்து கிளம்பிவிடுகின்றன என்பதுதான் இதற்குச் சொல்லும் விளக்கம்.

இதில் உங்களுக்கு இரண்டு சேதி இருக்கிறது. தசை, தண்டுவடத்தில் இருந்து கைக்கு வரும் நரம்பு, இரண்டுமே நன்றாக இருக்கின்றன. அது நல்ல சேதி. ஆனால் கொட்டாவிக்கு எழும்புவதால் அப்பா நினைத்தபோது தூக்கப்போகிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அது வேறு பாதை. அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கால் வந்து கை வராததற்கும் காரணம் உண்டு. கால் அசைவுக்கான இடம் மூளையின் உட்பக்க மடிப்பில் இருக்கிறது, அதற்கு ரத்தம் கொடுப்பது வேறு குழாய். கை, முகம், பேச்சு மூன்றுக்கும் ரத்தம் கொடுப்பது பக்கவாட்டில் போகும் நடுப் பெருமூளைத் தமனி, அதிகம் அடைபடுவதும் அதுதான். போதாததற்கு நடப்பதற்குத் தண்டுவடமும் மூளைத்தண்டும் நிறைய உதவும், காலை முன்னால் வீசிப்போட்டாவது நடந்துவிடலாம். ஆனால் ஒரு விரலை மட்டும் தனியாக அசைப்பது முழுக்க மேலே இருக்கும் மூளையின் வேலை. காஜா எடுக்கிற விரலுக்கு ஈடு கொடுக்க வேறு பாதை இல்லை.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். முன்கையை மேஜையில் வைத்து மணிக்கட்டை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். அவராக மணிக்கட்டை மேலே தூக்குகிறாரா, எந்த விரலாவது கொஞ்சமாவது திறக்கிறதா?

மஞ்சப்பை:

என் தாத்தாவுக்கு வாதம் வந்தபோது ஒரு மண்டலம் எண்ணெய் தேய்த்து, கிழி ஒத்தடம் கொடுத்து நடக்கவைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கைவிட்ட பிறகுதான் அங்கே தூக்கிக்கொண்டு போனோம். எல்லாவற்றையும் மூளை மூளை என்று சொல்லிவிட்டு உடம்பை விட்டுவிடாதீர்கள். தொட்டுத் தேய்த்தால் நோயாளிக்கு ஒரு தெம்பு வருகிறது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காவிரிக்கரை:

அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 4 வருடத்துக்கு முன் எனக்கே வலது பக்கம் வந்தது. உங்கள் அப்பாவின் இடத்தில் இருந்து சொல்கிறேன்.

எனக்கு முதலில் வந்த பிசியோ தினமும் 20 நிமிடம் வருவார். கரண்ட் வைப்பார், கையை எடுத்து மேலும் கீழும் ஆட்டுவார், போய்விடுவார். நான் டிவி பார்த்துக்கொண்டு இருப்பேன். 5 மாதம் அப்படியே போயிற்று. அந்த 5 மாதத்தில் என் இடது கை எல்லாவற்றையும் பழகிக்கொண்டது. சட்டை போடுவது, சாப்பிடுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வலது கை மடியில் கிடந்தது. பிறகு வேறொரு பெண் வந்தார், முதல் நாளே கேட்டார்: "ஐயா, இந்தக் கையால நேத்து என்ன செஞ்சீங்க?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை எனக்கு.

அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை, இடது கையால் சுண்ணாம்புக்கட்டியை வலது கைக்குள் வைத்து, விழாமல் பத்து எண்ணும்வரை பிடித்திருப்பது. கரும்பலகையில் எழுதிய ஆளிடம் சுண்ணாம்புக்கட்டி கொடுத்தார் பாருங்கள். உங்கள் அப்பாவுக்குக் கடையில் இருந்தே பொருளை எடுங்கள். நூல்கண்டு, பாபின், இன்ச் டேப் எல்லாம் கைக்குத் தெரிந்த சாமான்கள்.

நடைபழகு:

மஞ்சப்பை அண்ணா, தொடுவதால் தெம்பு வருகிறது என்பதை நான் மறுக்கவே மாட்டேன். எண்ணெய் தேய்த்தால் தோல் வறளாது, மூட்டு பிடிக்காது, வீட்டு மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்கிறார். தேய்க்கட்டும். ஆனால் தேய்க்கும்போது வேலை செய்வது தேய்ப்பவரின் மூளை. நோயாளியின் மூளை அந்த அசைவுக்குக் கட்டளை கொடுக்கவில்லை, அதனால் அது எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு: வாதம் வந்த பக்கத்தில் சூடு தெரியாமல் போயிருக்கலாம். ஒத்தடக் கிழியிலும் வெந்நீர்ப் பையிலும் கை கொப்பளித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டை அந்தப் பக்கத்துக் கையில் பார்க்காதீர்கள், நல்ல கையில் பாருங்கள்.

அப்புறம் விரல் மூடிக்கொள்வது. முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் உதறுமே, அந்த அனிச்சை தண்டுவடத்திலேயே முடிகிற வேலை. மூளை எப்போதும் அதற்குக் கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது. வாதத்தில் கடிவாளம் விட்டுப்போகிறது. அதனால் தசையை வேகமாக இழுத்தால் அது உடனே எதிர்த்து இறுக்கும், மெதுவாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும். நகம் வெட்டும்போது விரல் நுனியைப் பிடித்து இழுக்கிறீர்கள், அதுதான் அரை மணி நேரம் ஆகிறது. இப்படிச் செய்து பாருங்கள்: முதலில் மணிக்கட்டைக் கீழ்ப்பக்கமாக மெதுவாக மடியுங்கள். விரலை மூடும் தசைநாண்கள் அப்போது தளரும். பிறகு கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள், நுனியைப் பிடிக்க வேண்டாம். மற்ற விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். அதன்பின் திறந்த விரல்களைத் தாங்கிக்கொண்டே மணிக்கட்டை மெல்ல மேலே கொண்டுவாருங்கள். ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள்.

ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்து "அமுக்கு அமுக்கு" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். ஏற்கனவே மூடிக்கொண்டிருக்கும் கைக்கு மூடுவதையே ஏன் பழக்க வேண்டும்? அவருக்கு வராதது திறப்பது. பிடிப்பது முதலில் வரும், விடுவதுதான் கடைசியில் வரும், பயிற்சி அங்கே போகவேண்டும். இறுக்கம் மிக அதிகமாக இருந்தால் முன்கைத் தசையில் போட்டுலினம் ஊசி போடுவார்கள், சுமார் 3 மாதம் தளர்த்தி வைக்கும். அந்த 3 மாதத்தில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசிக் காசு வீண்.

இன்னொன்று, எழுப்பி உட்காரவைக்கும்போது அக்குளில் கை கொடுத்தோ கையைப் பிடித்தோ இழுக்காதீர்கள். தசை தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும், அந்த வலி வந்தால் எந்தப் பயிற்சியும் செய்யவிடாது.

ஒற்றைக்கை:

நான் வாதக்காரன் இல்லை. பைக் விபத்தில் கழுத்துப் பக்கம் இருந்து கைக்குப் போகும் நரம்புக்கொத்து பிய்ந்துவிட்டது, 26 வயதில். என் கை மூடிக்கொள்ளவில்லை, துணி மாதிரித் தொங்கியது. கொட்டாவி விட்டாலும் எழும்பவில்லை, ஏனென்றால் எனக்கு அறுந்தது கடைசிக் கம்பி.

இதை எழுதக் காரணம், கொட்டாவிக் கதையைப் படித்ததும் மயிர்க்கூச்செறிந்தது. 5ஆவது மாதம் எனக்கு அறுவை சிகிச்சை செய்து, விலா எலும்புக்கு நடுவில் மூச்சுக்காக ஓடும் நரம்புகளை எடுத்துக் கைமடக்கும் தசை நரம்போடு இணைத்தார்கள். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஒருநாள் படி ஏறி மூச்சு வாங்கும்போது புஜத்தில் ஒரு துடிப்பு. அப்புறம் ஆழமாக மூச்சு இழுத்தால் முழங்கை மடங்க ஆரம்பித்தது. இருமினால் மடங்கும், தும்மினால் மடங்கும்! டம்ளர் எடுக்க வேண்டும் என்றால் மூச்சை இழுத்துப் பிடிப்பேன். ஒன்றரை வருடம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மூச்சையும் கையையும் பிரித்துப் பழகினேன். இப்போது பேசிக்கொண்டே கையை மடக்குகிறேன், மூச்சை நினைப்பதே இல்லை. மூச்சுக்கு என்று இருந்த நரம்பு கைக்கு வேலை செய்கிறது. மூளை இப்படியும் கற்றுக்கொள்ளும் என்பதை என் உடம்பில் பார்த்துவிட்டேன், அதனால் உங்கள் அப்பாவை விட்டுவிடாதீர்கள் அக்கா.

நடைபழகு:

தம்பி, இதைவிட நன்றாக நான் விளக்க முடியாது. வித்தியாசத்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். வெளி நரம்பு மெதுவாகவாவது மறுபடி வளரும். மூளையில் செத்த இடம் வளராது, மிச்சம் இருக்கும் இடம் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் கடைசியில் கற்றுக்கொள்வது மூளைதான்.

தையல்கடை மகள்:

நகம் வெட்டினேன் அண்ணா. நீங்கள் சொன்ன மாதிரி மணிக்கட்டை மடித்ததும் கை பூ மாதிரித் திறந்தது. உள்ளங்கையை 7 மாதம் கழித்து முழுசாகப் பார்த்தேன், வெள்ளையாக, ஈரமாக, ரேகைக்குள் எல்லாம் அழுக்கு. அப்பா அழுதுவிட்டார். இதை ஏன் எங்களுக்கு யாருமே சொல்லவில்லை?

மேஜைச் சோதனை: மணிக்கட்டு கொஞ்சம் மேலே வருகிறது, ஒரு விரல்கடை இருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லேசாக அசைகின்றன, திறக்கின்றன என்று சொல்ல முடியாது. கட்டைவிரல் இல்லை.

நல்ல கையைக் கட்டிப்போட்டால் வாதக் கை வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

நடைபழகு:

அந்த முறைக்கு ஒரு கதை இருக்கிறது, தெரிந்துகொண்டால் எப்போது செய்யலாம் என்பதும் புரியும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளின் ஒரு கையில் இருந்து உணர்வு கொண்டுபோகும் நரம்பு வேர்களை வெட்டினார். அசைக்கும் நரம்பைத் தொடவில்லை. அப்படியும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டியதும் பயன்படுத்தியது. முயற்சி செய்து செய்து தோற்றுப்போய், "இந்தக் கை உதவாது" என்று மூளை கற்றுக்கொள்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். காவிரிக்கரை ஐயா மடியில் கிடந்த கையைப் பற்றிச் சொன்னாரே, அதேதான். (அந்தக் குரங்குகள் பட்ட பாடு தனி வேதனை. 1981இல் மேரிலாந்தில் போலீஸ் அவர் ஆய்வகத்தில் நுழைந்து 17 குரங்குகளை மீட்டது, அமெரிக்காவில் சட்டமே மாறியது. இன்று நாம் பயன்படுத்தும் சிகிச்சைக்குப் பின்னால் அந்தக் குரங்குகளும் இருக்கின்றன என்பதை நான் மறப்பதில்லை.)

அப்புறம் மனிதர்களில் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு, 222 பேர், வாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். 2 வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை, தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. ஒரு வருடம் கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. 6 மாதத்தோடு கதவு மூடிவிடும் என்பதற்கு இதுவே பதில். முதல் 3 மாதம் வேகம் அதிகம் என்பது உண்மை, அதற்குப்பின் ஒன்றும் வராது என்பது உண்மையில்லை.

ஆனால் அந்த ஆய்வில் சேர்த்தவர்களுக்கு மணிக்கட்டையும் விரல்களையும் குறைந்தது 10 டிகிரியாவது தாமாகத் தூக்க வந்தது. அப்பா அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. இப்போது கட்டினால் தோல்வியைத்தான் மறுபடி பழகுவார். இப்போதைக்குக் கட்டாதீர்கள்.

வார்டு அக்கா:

நானும் குறுக்கே வருகிறேன், 20 வருடம் நர்ஸ். கண்ணு, அப்பா கைத்தடி பிடிப்பது நல்ல கையில்தானே? அந்தக் கைக்கு உறை போட்டுவிட்டால் பாத்ரூமில் எதைப் பிடிப்பார்? இடுப்பு எலும்பு முறிந்து திரும்பி வந்தவர்களை நான் எழுப்பி உட்காரவைத்திருக்கிறேன். எப்போது செய்தாலும் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

பிசியோவுக்குக் காசு கஷ்டம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியது, வீட்டுக்கே பிசியோ வருவதும் அதில் உண்டு. வருகிறவர் பயிற்சி சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், மிச்ச நாள் செய்யப்போவது நீங்கள்தான்.

நடைபழகு:

அக்கா சொன்னதை அப்படியே கேளுங்கள்.

கட்டுவதற்குப் பதில் கண்ணாடி. நம் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கை வெட்டப்பட்டவர்களின் இல்லாத கை வலிக்கு இதைக் கொண்டுவந்தார். 1999இல் வாதக்காரர்களுக்கும் செய்து பார்த்தார்கள், இன்று நல்ல ஆதாரம் இருக்கிறது. மேஜையில் கண்ணாடியை உடம்புக்கு நேர் நடுவில் நெடுக்காக நிறுத்துங்கள், முகம் பார்க்கும் பக்கம் இடது கை. வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். இடது கையைத் திறந்து மூடச் சொல்லுங்கள், அவர் கண்ணாடிக்குள் பார்க்கவேண்டும், அங்கே தெரிவது வலது கை மாதிரியே இருக்கும். வலது கையும் பின்னால் முடிந்தவரை கூடவே செய்ய முயற்சிக்கட்டும். மோதிரம், கயிறு, வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது தன் கை இல்லை என்று தெரிந்துவிடும். தினமும் அரை மணி நேரம். தலை சுற்றினால் நிறுத்துங்கள்.

அதோடு எண்ணிக்கை. இதுதான் நான் எல்லோரிடமும் சண்டை போடுகிற விஷயம். 2009இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிசியோ வகுப்புகளில் உட்கார்ந்து எண்ணினார்கள், ஒரு வகுப்பில் நோயாளி கையால் செய்த உருப்படியான வேலை சராசரியாக 32 தடவை. விலங்குகளில் மூளை மாறக் கொடுத்த பயிற்சி ஒரு நாளைக்கு 400 முதல் 600. 1996இல் நூடோ என்பவர் குரங்குகளில் காட்டினார்: பயிற்சி இல்லாவிட்டால் அடிபட்ட இடத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருந்த கைப்பகுதியும் சுருங்கியது, பயிற்சி கொடுத்தால் சுருங்கவில்லை, சிலவற்றில் முழங்கை, தோள் பகுதிக்குள்ளும் விரிந்தது. நாம் 20 தடவை ஆட்டிவிட்டு "வரல" என்கிறோம்.

காவிரிக்கரை:

தம்பி, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, ஆனாலும் இதைச் சொல்லாமல் போகமுடியாது. 400, 600 என்று எழுதும்போது கவனம். என்னோடு அதே வார்டில் இருந்தவர் என்னைவிடக் கடுமையாக உழைத்தார். மனைவி வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். கை வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "இன்னும் முயற்சி பண்ணணும்" என்று சொல்லிச் சொல்லியே அந்த அம்மாவை நொறுக்கிவிட்டார்கள்.

நடைபழகு:

ஐயா, சரியான இடத்தில் பிடித்தீர்கள், நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எவ்வளவு பாதை மிஞ்சியிருக்கிறது என்பதுதான் முதல் கணக்கு. 2010இல் ஹாலந்தில் வந்த ஆய்வு: முதல் 72 மணி நேரத்தில் விரலைக் கொஞ்சம் நீட்டவும் தோளைக் கொஞ்சம் தூக்கவும் வந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு 6 மாதத்தில் கை ஓரளவாவது உதவியது. இரண்டும் வராதவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான். அது உழைப்பின் அளவு இல்லை, அடைப்பு விழுந்த இடத்தின் கணக்கு. பயிற்சி செய்வது மிஞ்சிய பாதையை வீணாக்காமல் இருக்க. கை வராதவர் சோம்பேறி என்று என் முன்னால் யார் சொன்னாலும் நான் விடமாட்டேன்.

தங்கச்சி, அப்பாவுக்கு இலக்கை இப்படி வையுங்கள்: கத்தரி பிடிப்பது இப்போது வேண்டாம். துணியை மேஜையில் அமுக்கிப் பிடிக்கிற கையாக அது வந்தால் போதும், வெட்டுவது இடது கை பழகட்டும்.

தையல்கடை மகள் (11 வாரம் கழித்து):

எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று வந்தேன். சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்து, பிசியோ ஒருவர் வீட்டுக்கு வருகிறார். மிச்ச நாளில் நானும் அம்மாவும். 600 எல்லாம் முடியவில்லை, களைத்துவிடுகிறார். காலை 100, சாயங்காலம் 80 என்று நோட்டில் கோடு போட்டு வைக்கிறோம், முடியாத நாளில் காலியாக விட்டுவிடுகிறோம்.

கொட்டாவிக்கு இப்போதும் எழும்புகிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், புரிந்துகொண்டார், ஆனாலும் காசை அவிழ்க்கவில்லை.

மூன்றாவது வாரம் வரை ஒன்றும் இல்லை. ஐந்தாவது வாரம் துணியை அமுக்கிப் பிடித்தார், நகராமல், நான் இழுத்துப் பார்த்தேன். பிறகு பாபினை உள்ளங்கையில் வைத்தால் பிடிக்கிறார், விட வரவில்லை, ஒவ்வொரு தடவையும் நான்தான் பிரித்தெடுப்பேன். நேற்று சாயங்காலம் 43ஆவது கோடு போடும்போது பாபின் தட்டுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. நான் பிரிக்கவில்லை. அப்பா மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டிருக்கிறார், விரல் தானாக விட்டிருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் 11 தடவை செய்தார். கட்டைவிரல் இன்னும் உள்ளேயேதான்.

நடைபழகு:

மணிக்கட்டைத் தொங்கவிட்டு விடுவது குறுக்கு வழிதான், ஆனால் நல்ல குறுக்கு வழி, தடுக்காதீர்கள். அடுத்த வாரம் மணிக்கட்டுக்குக் கீழே சுருட்டின துண்டு ஒன்று வைத்து, தொங்கவிடாமல் விட வருகிறதா என்று 10 தடவை மட்டும் பாருங்கள். பாபினுக்குப் பதில் பெரிய நூல்கண்டு வையுங்கள், விரல் ஏற்கனவே பாதி திறந்திருக்கும், விடுவது சுலபமாகும். கட்டைவிரலுக்குத் துணியில் ஒரு பட்டை தைத்து வெளியே பிடித்துக் கட்டலாம், அளவு அனுப்புகிறேன். தைப்பதற்கு உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது, துணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் அப்பாவை.

காவிரிக்கரை:

43ஆவது கோட்டை அழிக்காமல் வையுங்கள் அம்மா. அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், நாளைக்கு எத்தனை என்று வந்து எழுதுங்கள்.